தூசிக்கு ஆள் தெரியுமா?

போன மாதம் ஒரு நாள் காலையில் ஸ்டெல்லா போன் செய்தாள். நான் வேலை பார்த்த எக்ஸ்ரே லேப்பில் இன்றும் படம் எடுப்பவள் அவள்தான். எடுத்த எடுப்பில் சொன்னாள்:

"அண்ணா, பழைய ஸ்கேனரையும் கம்ப்யூட்டரையும் எடைக்குப் போட்டாச்சு. மானிட்டர் மூலையில நீங்க ஒட்டுன பிளாஸ்திரிய மட்டும் உரிச்சி வச்சிருக்கேன். புதுசா வந்த புள்ளைங்க அது என்னான்னு கேக்குதுங்க. நான் சொன்னா பேய்க்கதை சொல்றேன்னு சிரிக்குதுங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

காயத்துக்கு ஒட்டும் துணி பிளாஸ்திரி அது. அதில் பால்பாயின்ட் பேனாவால் 'தூசியை எடுக்காதே' என்று எழுதியிருப்பேன். பீங்கான் மண் பறக்கிற ஊரில், சாலையோர வேப்பமரம்கூட வெள்ளை பூசிக்கொண்டு நிற்கும் விருத்தாசலத்தில், ஒரு லேப்பில் இப்படி எழுதி வைத்திருந்தால் எவருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பு பத்தாவதோடு முடிந்தது. டைப் அடிக்கக் கற்றேன், எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்தேன், பூத்தை மூடியதும் இந்த லேப்பில் டோக்கன் கொடுக்கச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடப் பயப்படாத ஒரே ஆள் நான் என்பதால் அது என் மேசைக்கு வந்தது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. எது எதை அமுக்கினால் எது எது கெடும் என்று பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் எல்லாம். மேசையை விட எனக்குப் பிடித்தது எதிரே உள்ள பெஞ்சு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பேசுகிற பேச்சுக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்று சொன்னாலும் தப்பில்லை. மூச்சை இழுத்துப் பிடி என்றால், "பிடிக்கிறதுக்கு மூச்சு இருந்தா நான் ஏன் இங்க வரேன்" என்பார் ஒருவர். இன்னொருத்தர், "உள்ள என்னா இருக்குன்னு எனக்கே தெரியாது, கவர்மென்டுக்கு எதுக்குத் தெரியணும்" என்பார். அத்தனையும் என் காதில் இன்னும் இருக்கிறது.

லேப் இருந்தது ஜங்ஷனுக்குப் போகிற சாலையில். கூட்ஸ் வண்டி போனால் சுவர் அதிரும். ஸ்கேனர் ஓடும் நேரத்தில் வண்டி வந்துவிட்டால் படத்தில் விலா எலும்பெல்லாம் தண்ணீரில் தெரிகிற மாதிரி நெளியும். அதனால் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டால் கையை எடுத்துவிட்டு வண்டி போகும்வரை உட்கார்ந்திருப்பேன்.

எங்களிடம் டாக்டர் கிடையாது. படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரம்மா புதுச்சேரியில் இருந்தார். முதலில் ஃபிலிமை அட்டைக்குள் வைத்துக் கட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம். போய்த் திரும்ப இரண்டு நாளாகும். அப்புறம்தான் இமெயில் வந்தது. வந்ததோடு, கம்ப்யூட்டரில் ஒரு படம் அடைக்கிற இடம், அதன் கனம் பற்றிய தொல்லையும் வந்தது.

ஒரு நெஞ்சுப் படத்தை ஸ்கேன் செய்தால் அது எங்கள் இணைய இணைப்புக்கு யானை மாதிரி. பாதி தூரம் போய் நின்றுவிடும். தப்பித்தவறிப் போய்ச் சேர்ந்தாலும் டாக்டரம்மாவின் மெயில் பெட்டி கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே இளைக்க வைக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை வைத்திருந்தேன். கண்ணாடியைத் துடை. ஃபிலிமை மூலை பிடித்து வை, விரல் படாதே. வெளிச்ச மூடியை மூடு. கலர் வேண்டாம், சாம்பல் நிறம் போதும். நெஞ்சுக்கு வெளியே உள்ள கறுப்பு ஓரத்தை வெட்டு. அப்புறம் 'தூசி நீக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருக்கிறதா என்று பார். கடைசியில், படத்தின் தரத்தைக் குறைக்கத் திரையில் மேலும் கீழும் நகர்கிற கோலை, எலும்பின் விளிம்பு கலங்காத இடம்வரை மெதுவாக இறக்கு. அவ்வளவுதான், யானை ஆட்டுக்குட்டியாகிவிடும்.

இதில் அந்த தூசிக் கட்டம் எங்கள் ஊருக்கென்றே செய்தது போல இருந்தது. ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ, பத்திரம் எழுதுகிற இடம், எங்கே ஸ்கேனர் இருந்தாலும் வாங்கிய அன்றே அதில் டிக் போட்டு, அளவை 'அதிகம்' என்று வைத்துவிடுவார்கள். பிறகு யாரும் அதை எடுத்ததே இல்லை. எங்கள் ஸ்கேனரைப் பொருத்த வந்தவரும் கேட்காமலே போட்டுவிட்டுப் போனார். புள்ளிகள் போனால் படமும் சுத்தம், கனமும் வெகுவாகக் குறையும். சின்னச் சின்னப் புள்ளிகளை நினைவு வைத்துக்கொள்வதுதான் கம்ப்யூட்டருக்குப் பெரிய சுமை. வழவழப்பாக இருந்தால் அதற்குச் சுலபம்.

எங்கள் முதலாளிக்கு அந்தக் கட்டத்தின் மேல் தனிப் பிரியம். பெயர் வேணுகோபால். வெளியூர்க்காரர். தூசியைக் கண்டால் அவருக்கு ஆகாது. காலையில் வந்ததும் யாரிடமும் பேச மாட்டார். ஸ்கேனர் கண்ணாடி மேல் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுப்பார். அந்த விரலை நம் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவார். ஒரு வார்த்தை வராது. பிறகு சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்து, நாலாய் மடித்து, பழையபடி வைத்துக்கொள்வார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த விரல்தான் தாங்காது.

அந்த விரலை அதிகம் பார்த்தவள் ஸ்டெல்லா. எக்ஸ்ரே ஃபிலிமை கேசட் என்கிற தட்டையான பெட்டிக்குள் வைத்துத்தான் படம் எடுப்பார்கள். அதற்குள் தூசி இருந்தால் ஃபிலிமில் வெள்ளைப் புள்ளியாக விழும். எங்கள் படங்கள் சிலவற்றில் நெஞ்சு முழுக்க அப்படிப் பொடிப் புள்ளிகள் வரும். முதலாளி ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு ஸ்டெல்லாவைப் பார்ப்பார். அவள் கேசட்டைத் திறந்து மெல்லிய துணியால் துடைப்பாள். மறுநாள் காலையில் இன்னொரு தரம் துடைப்பாள். புள்ளி வந்துகொண்டேதான் இருந்தது.

"இந்த வூட்டுல எதாவது இருக்குதுண்ணா" என்றாள் ஒரு நாள். "நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் கேசட்டத் தொறக்கிறேன். அப்பவும் வருது."

"ஜெபத்துக்கெல்லாம் தூசி அடங்குமா, ஊரே மண்ணு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கலியபெருமாளைச் சொல்லாமல் இனி நகர முடியாது. ஊருக்கு வெளியே ஒரு பீங்கான் கம்பெனி. அதில் வெள்ளைக் கல்லை மாவாக அரைக்கிற இடத்தில் அவருக்கு வேலை. ஆட்கள் அதைப் பொடி ரூம் என்பார்கள். கூழாங்கல் போட்ட பெரிய இரும்புப் பீப்பாய் நாளெல்லாம் உருளும். கலியபெருமாளுக்கு என் வயதுதான், ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் வலி மறந்துபோகும். "எங்க கம்பெனில பவுடர் ஃப்ரீ. சினிமாக்காரன் காசு குடுத்துப் பூசிக்கிறான், எங்களுக்கு சம்பளம் குடுத்துப் பூசி வுடுறாங்க" என்பார். சொல்லிவிட்டு இருமுவார். இருமல் முடிய நேரமாகும், முடிந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடருவார்.

இருமல் அதிகமானதால் கம்பெனியில் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நெஞ்சு சுத்தம் என்று பேப்பர் கொண்டு வந்தால் திங்கட்கிழமை பொடி ரூமுக்குத் திரும்பலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துத் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தார். ஸ்டெல்லா படம் எடுத்தாள். புள்ளி இருந்தது. வழக்கம்போல டிக் போட்டு, இளைக்க வைத்து, அனுப்பினேன். டாக்டரம்மாவின் பதில் எப்போதும் போலச் சுருக்கமாக வந்தது: படம் தெளிவு, நுரையீரல் சுத்தம். ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் மனைவி அஞ்சலை வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கரண்டு இல்லை. பெஞ்சு காலி. உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"சுத்தம்னு எழுதிக் குடுத்துருக்கீங்க. அவரு தூங்கறப்ப பக்கத்துல படுத்துப் பாத்திருக்கீங்களா? நெஞ்சுக்குள்ள அந்த பீப்பா உருளுது சார். கம்பெனில கேக்குமே, அதே சத்தம். ஷிப்டு முடிஞ்சும் அவரோட அது வூட்டுக்கு வந்துடுது."

"டாக்டரம்மா பார்த்துதான் எழுதியிருக்காங்கம்மா."

அவர் பழுப்புக் கவரிலிருந்து ஃபிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "அப்ப இது என்னா, அவல் தூவுன மாதிரி?"

"அது தூசிம்மா. இந்த ஊர்ல எல்லாப் படத்துலயும் இருக்கும்."

முந்தானையால் துடைத்தார். திருப்பி அந்தப் பக்கமும் துடைத்தார். பிறகு ஃபிலிமை என் மேசையில் வைத்தார். "போவலியே" என்றார். ஒரு கேள்வியாகக்கூட இல்லை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

அறைக்குள்ளிருந்து ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து என் பக்கத்தில் நின்றாள். குரலைத் தாழ்த்தி, அந்த ஃபிலிமுக்கே கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள்:

"அண்ணா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். தூசிக்கு ஆள் தெரியுமா?"

"என்னா கேக்கற?"

"ஒரே கேசட்டு. நேத்து காலையில ஒரு டீச்சரம்மாவ எடுத்தேன், புள்ளி இல்ல. அடுத்து இவர எடுத்தேன், புள்ளி. அதே கேசட்டுல அடுத்து ஒரு பஸ் டிரைவர், புள்ளி இல்ல. நான் துடைச்சாலும் இப்படித்தான், துடைக்கலன்னாலும் இப்படித்தான். பொடி ரூம் ஆளுங்க மேல மட்டும் வந்து உக்காருது. அது எப்படிண்ணா?"

கரண்டு வரும்வரை நாங்கள் இருவரும் அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரண்டு வந்ததும் முதல் காரியமாகக் கட்டத்திலிருந்து டிக்கை எடுத்தேன். வாங்கிய நாளிலிருந்து அன்றுதான் முதல் முறை. டீச்சரம்மாவின் ஃபிலிம் அவர் வாங்க வராமல் அங்கேயே இருந்தது. அதை ஸ்கேன் செய்து அளவைப் பார்த்தேன். டிக் இல்லாமலும் ஓரளவு இளைத்துத்தான் இருந்தது. கலியபெருமாள் படத்தை வைத்தேன். அதே அளவு ஃபிலிம், அதே கறுப்பு வெள்ளை, கோலும் அதே இடத்தில். ஆனால் எவ்வளவோ கனம். அனுப்பப் பார்த்தால் போக மறுத்தது. மனிதரின் நெஞ்சை எடை போட்டுவிட்டது போல எனக்கு ஒரு பயம். டாக்டரம்மா பிற்பாடு இதைக் கேட்டுச் சிரித்தார், கனத்தை வைத்து நோயைச் சொல்ல முடியாது என்றார். சரிதான். ஆனால் அன்று அந்த இரண்டு எண்களையும் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிக்கைப் போட்டேன். திரையில் நெஞ்சு பால் மாதிரி ஆனது. எடுத்தேன். புள்ளிகள் ஒவ்வொன்றும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தன. போட்டேன், எடுத்தேன். அந்தப் பக்கம் மூடிய கதவுக்குப் பின்னால் கூட்டமாக ஆட்கள் நிற்பதும், கதவைத் திறக்கும்போதெல்லாம் அசையாமல் நம்மைப் பார்ப்பதும் போல இருந்தது. ஸ்டெல்லா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. ஃபிலிமைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். தூசி கண்ணாடியில் இருந்தால், படம் திரும்பினாலும் புள்ளிகள் அந்தந்த இடத்திலேயே நிற்கும். நிற்கவில்லை. நெஞ்சோடு சேர்ந்து அத்தனையும் தலைகீழாகத் திரும்பின. அப்படியென்றால் கண்ணாடித் தூசி இல்லை. கேசட் தூசியாக இருக்கலாம் அல்லவா? படியில் இருந்த அஞ்சலையிடம், போன வருஷம் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டேன். ஆட்டோவில் போய் எடுத்து வந்தார். அதை வேறு கேசட்டில் எடுத்திருந்தோம். திரையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். பழையதில் புள்ளிகள் குறைவு. ஆனால் அதில் இருந்தவை எல்லாம் புதியதிலும் அதே அதே இடத்தில், கொஞ்சம் பருத்து இருந்தன. அவற்றுக்கு நடுவே புதிதாகப் பல.

கேசட்டில் விழுகிற தூசி வருஷத்துக்கு வருஷம் வளருமா?

ஸ்டெல்லா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "என் கேசட்டு சுத்தமாத்தான் இருந்துருக்குதுண்ணா" என்றாள். அழுதாள். அஞ்சலை அழவில்லை. "இப்ப தெரியுதா உருள்ற சத்தம்?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டரம்மா போனில் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மாலையில் அவர் பார்க்க மாட்டார். மெயில் போட்டுவைக்க வேண்டும், ஆனால் படம் போகாது. டிக்கைப் போட்டால் போகும், ஆனால் போவது இவர் நெஞ்சாக இருக்காது. அப்போதுதான் தோன்றியது, இளைக்க வைக்காமல் வெட்டினால் என்ன? நெஞ்சை நாலாக வெட்டினேன். வலது மேல், வலது கீழ், இடது மேல், இடது கீழ் என்று பெயரிட்டு நாலு மெயில். மூன்று போய்விட்டன. இதயம் இருக்கிற இடது கீழ் மட்டும் பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பி வந்தது. அதை மறுபடி இரண்டாக வெட்டி, அவருடைய இன்னொரு மெயிலுக்கு அனுப்பினேன். மனிதரைத் துண்டு துண்டாகப் பஸ் ஏற்றி விட்ட மாதிரி இருந்தது. அஞ்சலை ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

"திங்கக்கிழம அவர அனுப்பாதீங்கம்மா" என்றேன்.

"நான் சொன்னா கேக்கற ஆளா? சுத்தம்னு சீல் போட்ட காயிதம் வச்சிருக்காரு. சட்டைப் பையில வச்சித்தான் தூங்குறாரு."

திங்கட்கிழமை காலை லேப் கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. டாக்டரம்மா.

"அஞ்சு துண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தேன். இது யார் படம்?"

"கலியபெருமாள் மேடம். வெள்ளிக்கிழமை நீங்க சுத்தம்னு..."

"அந்தப் படத்துல இது இல்லையே."

"தூசின்னு எடுத்துட்டோம் மேடம்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது.

"எடுத்துட்டீங்களா" என்றார். "எடுத்து எங்க போட்டீங்க, மிஸ்டர் தாமோதரன்?" கோபமில்லாத குரல்தான். பிறகு அவரே சொன்னார்: "நுரையீரல்ல கல்தூசி படிஞ்சிருக்கு. படிஞ்சதை எடுக்க முடியாது, மேல படியாம பாத்துக்கலாம். அந்த ஆளை அரைக்கிற இடத்துக்குள்ள விடாதீங்க. கம்பெனி நம்பர் குடுங்க, நானும் பேசறேன்."

கலியபெருமாள் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். என் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கம்பெனி கேட்டில் இருந்தவர் என்னைத் தெரிந்தவர் என்பதால் விட்டுவிட்டார். பொடி ரூம் வாசலுக்குப் போனவன் அப்படியே நின்றேன்.

உள்ளே வெள்ளையாக ஒரு மூட்டம். அதற்குள் ஆட்கள். தலை, புருவம், முகத்தில் கட்டிய துண்டு, கை, கால் எல்லாம் ஒரே வெள்ளை. யார் சின்னவர் யார் பெரியவர் என்று தெரியவில்லை. பீப்பாய் உருண்டுகொண்டிருந்தது. அஞ்சலை சொன்ன சத்தம் இதுதான். "கலியபெருமாள்!" என்று கத்தினேன். அத்தனை வெள்ளை முகங்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. எனக்கு அந்தத் திரை ஞாபகம் வந்தது. டிக்கை எடுத்ததும் வந்து நின்ற புள்ளிகள்.

அதில் ஒரு முகம் இருமியது. "யாரு, தாமு அண்ணனா? பவுடர் வாங்க வந்தீங்களா?"

கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மேஸ்திரி வந்து, பேப்பர் சுத்தமாக இருக்கிறதே என்றார். அதற்குள் ஆபீசிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். புதுச்சேரியிலிருந்து போன் வந்துவிட்டது என்றார். கலியபெருமாள் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அது வேர்வையில் நனைந்திருந்தது.

"அப்ப இதுல சுத்தம்னு எழுதியிருக்குதே, அந்த ஆளு யாருண்ணே?" என்று கேட்டார். அன்றைக்கு விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைத்தேன்.

அவரைக் கம்பெனி வாசலில் காவல் வேலைக்கு மாற்றினார்கள். பொடி ரூமுக்குள் அவர் அதன்பின் போகவில்லை.

நான் லேப்புக்குத் திரும்பியபோது முதலாளி வந்திருந்தார். விரலால் கோடு இழுத்து முடித்திருந்தார். விரல் என் முகத்துக்கு வரும் முன் நான் திரையைக் காட்டினேன். டிக்கைப் போட்டேன், எடுத்தேன். ஸ்டெல்லா மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்தார். புள்ளிகள் இருந்தன. இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தார். பிறகு கைக்குட்டையை மடிக்காமலே பையில் திணித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் யாரிடமும் விரலை நீட்டிக் காட்டவில்லை. ஸ்டெல்லாவிடம், "உன் கேசட் நல்லாத்தாம்மா இருந்திருக்கு" என்றார். அவர் அவ்வளவு நீளமாக அவளிடம் பேசி நான் கேட்டதில்லை.

பொடி ரூம் ஆட்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னதும் அவர்தான். எங்கள் கம்ப்யூட்டரில் அவர்கள் படங்கள் பத்திரமாக இருந்தன. திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றாக, பால் மாதிரி சுத்தமான நெஞ்சுகள். ஒருமுறை இளைத்த படத்தை மறுபடி பெருக்க வைக்க வழியே கிடையாது. உண்மையான படம் அவரவர் வீட்டுக்குக் கொண்டு போன ஃபிலிமில்தான் இருந்தது. அந்த ஃபிலிம்களைத் தேடிப் போனேன். சூரிய கிரகணம் பார்க்க அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஒருவர். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு வீட்டில் உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டியிருந்தார்கள். உள்ளே போனபோது சாயங்கால வெயில் அதன் வழியாக விழுந்து, எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு விலா எலும்புகள். அதன் மேல் புள்ளிகள். படத்துக்குரியவர் அந்தச் சுவரில் சாய்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வெளிச்சம் கம்மிதான், ஆனா கொசு வரல" என்றார். கழற்றி வாங்கிக்கொண்டேன். மாட்டக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன்.

வந்தவர்களுக்குப் புதிதாக எடுத்தோம். எல்லாரையும் நாலு துண்டாக அனுப்பினேன். அந்த வாரம்தான் பிளாஸ்திரி ஒட்டினேன். நான் ஓய்வு பெறும்வரை அது உரியவில்லை.

இவ்வளவுதான் பிளாஸ்திரியின் கதை. இதை எழுதித் தருகிறேன் என்று அன்று போனிலேயே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அண்ணா, அதுக்காக மட்டும் போன் பண்ணல" என்றாள்.

"என்னா சொல்லு."

"புது மிஷின் வந்துருக்குது இல்ல. ஃபிலிமே கிடையாது. படம் நேரா கம்ப்யூட்டர்ல வுழுது. டாக்டரம்மா ரிட்டயராயி, இப்ப சென்னையில ஒரு சின்ன வயசு டாக்டரு போன்லயே பாக்குறாரு. இங்கேருந்து போன்ல அனுப்பிச்சா அஞ்சு நிமிஷத்துல ரிப்போர்ட் வந்துடுது." நிறுத்தினாள். "எல்லாருக்கும் சுத்தம்னு வருதுண்ணா. பொடி ரூம் ஆளுங்களுக்கும்."

"திருப்பி வச்சுப் பார்த்தியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. திருப்பி வைக்க ஃபிலிம் எங்கே இருக்கிறது?

மறுநாள் காலையில் கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். மெலிந்துவிட்டார். பேச்சுக்கு நடுவே மூச்சுக்காக நிற்கிறார், பேச்சு மட்டும் இளைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். நெஞ்சில் புள்ளி இருக்கிறது என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த ஆள் அவர்தான்.

"அப்ப உங்க மிஷினுக்கு நான் எடைக்கல்லா?" என்றார். அஞ்சலை சட்டையை மாட்டி விட்டார். மூவரும் ஆட்டோவில் போனோம்.

ஸ்டெல்லா படம் எடுத்தாள். கம்ப்யூட்டர் திரையில் பார்த்தோம். புள்ளிகள் இருந்தன. மிஷின் பொய் சொல்லவில்லை. ஸ்டெல்லா மூச்சு விட்டாள். "இப்ப டாக்டருக்கு அனுப்பற மாதிரியே உங்களுக்கு அனுப்பறேன் அண்ணா" என்று போனைத் திரைக்கு நேரே பிடித்துப் படம் பிடித்து, தட்டினாள். என் சட்டைப் பையில் போன் மணியடித்தது. திறந்தேன்.

பால் மாதிரி நெஞ்சு. கண்ணை இடுக்கிப் பார்த்தேன், விரலால் விரித்துப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. எங்கேயும் ஒரு கட்டம் இல்லை, டிக் இல்லை. போகிற வழியிலேயே போன் தானாக இளைக்க வைத்துவிடுகிறது, தானாகச் சுத்தமும் செய்துவிடுகிறது. யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

கம்ப்யூட்டரில் உள்ள படத்தையே, போட்டோவாக இல்லாமல் கோப்பாக, இருக்கிற கனத்தோடு அனுப்பச் சொன்னேன். நேரம் பிடித்தது. வந்தது. புள்ளிகளும் வந்தன. வரிசைப்படி அதைச் செய்ய ஸ்டெல்லாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். முன்பு அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் டாக்டருக்கு மறுபடி அனுப்ப, அவள் அப்போதே உட்கார்ந்துவிட்டாள். பழைய பிளாஸ்திரியை மேசை டிராயரிலிருந்து எடுத்துப் புதுத் திரையின் மூலையில் வைத்து அழுத்தினாள். பசை போய்விட்டிருந்தது. புதிதாக ஒன்று வெட்டி, அதே எழுத்தை எழுதினாள்.

கலியபெருமாள் என் போனை வாங்கிக்கொண்டார். முதலில் வந்த படத்தைத் தேடி எடுத்து, தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

"அன்னிக்கு நான் கேட்டேனே அண்ணே" என்றார். "காயிதத்துல சுத்தம்னு எழுதியிருந்த ஆளு யாருன்னு. இவன்தான். நல்லா இருக்கான் பாருங்க."

இருமல் வந்தது. முடிய வெகுநேரமானது. அஞ்சலை முதுகைத் தடவிவிட்டார். இருமி முடித்ததும் கலியபெருமாள் போனை என்னிடம் கொடுக்காமல் அஞ்சலையிடம் நீட்டினார்.

"எங்க இருக்கானாம் இவன்? கேட்டுச் சொல்லு அஞ்சல."